“எந்தப் படத்துல பாடியிருக்காரு?”

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீங்க. கல்ச்சுரல்ஸுக்கு யாரைக் கூப்பிடலாம்னு கமிட்டி உட்கார்ந்து பேசும்போது ஒருத்தர் ஒரு பாடகரோட பெயரைச் சொல்வார். உடனே இன்னொருத்தர், “எந்தப் படத்துல பாடியிருக்காரு?” என்பார். படம் ஒண்ணும் இல்லைங்க, சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு, மேடையில பாடுறவர்னு பதில் வந்தா, அடுத்து வர்றது கேள்விகூட இல்லை, பரிதாபம்: “ஓ, இன்னும் சான்ஸ் கிடைக்கலையா?”

அந்தப் பரிதாபத்தோடதான் எனக்குச் சண்டை. சொந்தப் பாட்டைப் பாடி வாழ நினைக்கிற ஒருத்தரை, சினிமா வாசல்ல வரிசையில நிக்கிறவராத்தான் நாம பார்க்கிறோம். மேடையில் பாடுவதே அவருடைய வேலை, அதுவே அவருடைய வாழ்க்கை என்று நமக்குத் தோணுறதே இல்லை. இதில் கோடம்பாக்கத்தின் பங்கைவிட நம்ம பங்குதான் அதிகம் என்பது என் கருத்து.

முதல்ல கோடம்பாக்கத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துடுவோம். 1948-ல் ஏவிஎம் காரைக்குடியிலிருந்து வடபழனிக்கு வந்ததிலிருந்து, ஆற்காடு சாலை என்றால் சினிமா, சினிமா என்றால் பாட்டு. வாகினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்னைக்கு நீங்க மாலில் பாப்கார்ன் வாங்கிட்டிருக்கலாம். ஆனாலும் அந்தச் சாலையோட பேர் மாறலை. ரஹ்மான் தன் வீட்டுப் பக்கத்திலேயே பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டி, 1992-ல் ‘ரோஜா’வைக் கொடுத்ததும் இதே கோடம்பாக்கத்தில்தான். இந்த ஊர் ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்களுக்குச் சோறு போட்டிருக்கு. வயலின் செக்ஷனில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் ஒரு கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்க எம்.பி.சீனிவாசன் மாதிரி ஆட்கள் சங்கம் கட்டிப் போராடியிருக்காங்க. அந்த அமைப்பு சுயாதீனக் கலைஞர்களுக்கு இன்னைக்கும் கிடையாது. அதனால் “சினிமாவுக்குப் போயிட்டான், வித்துட்டான்” என்று யாரையும் திட்டுற ஆள் நான் இல்லை. வாடகை கட்டணும் இல்லையா?

ஆனா ஒரு பழைய கதையைக் கேளுங்க. இலங்கையில் ‘பாப் இசைச் சக்கரவர்த்தி’ என்று கூப்பிடப்பட்டவர் ஏ.ஈ.மனோகரன். நம்ம தாத்தா பாட்டிக்கு ‘சிலோன் மனோகர்’. பைலா தாளத்தில் தமிழ், சிங்களம் எல்லாம் கலந்து மேடையில் பாடி ஆடுவார். ‘சுராங்கனி’ பாட்டைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவர் குரல்தான். எந்தப் படமும் இல்லாமல், வெறும் மேடையும் வானொலியும் இசைத்தட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு கடலைத் தாண்டியது. பிறகு என்ன ஆச்சு? 1977-ல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அந்தப் பாட்டு சினிமாப் பாட்டாகிவிட்டது. மனோகரன் சென்னையில் குடியேறி, படங்களில் வில்லனாகவும் துணை நடிகராகவும் வந்துபோனார். 2018 ஜனவரியில் சென்னையில்தான் இறந்தார். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ‘சுராங்கனி’னு சொல்லிப் பாருங்க, முழுப் பாட்டும் வரும். அதுக்கப்புறம் அவர் வேற என்னென்ன பாடினார்னு கேட்டுப் பாருங்க.

நம்ம காலத்துக்கு வருவோம். மலேசியாவிலிருந்து யோகி பி 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பம் போட்டார். தமிழில் ராப் பண்ண முடியுமா என்ற சந்தேகத்தையே அது முடித்துவைத்தது. அடுத்து அவரை நாம் கேட்டது ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ படங்களில். ஹிப்ஹாப் ஆதி 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். 2015-ல் ‘ஆம்பள’ படத்துக்கு இசை. 2017-ல் ‘மீசைய முறுக்கு’. இந்தக் கடைசிப் படத்தை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சொந்தப் பாட்டுப் பாட ஆசைப்படுற ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையனோட கதை. அதாவது, சினிமாவுக்கு வெளியே பாடிய வாழ்க்கையையே சினிமாவாக எடுத்தால்தான் நமக்குப் புரியுது! சாய் அபயங்கர் கதை இன்னும் வேகம். 2024-ல் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’. 2025 தீபாவளிக்கு ‘டியூட்’ படத்தின் இசையமைப்பாளர்.

இவங்க எல்லாருடைய திறமையும் உண்மை, வெற்றியும் உண்மை. ஆனா நாம இதிலிருந்து கத்துக்கிட்ட பாடம் என்ன? இண்டி பாட்டு என்பது டெமோ. வேலைக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி கிட்ஹப்பில் போட்டு வைக்கிற மினி பிராஜெக்ட் மாதிரி. வேலை கிடைச்சதும் மறந்துடலாம்.

டெமோ இல்லாத, அதுவே முழு வேலையாக இருந்த ஒரு மேடையைப் பற்றிச் சொல்றேன். 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி. அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே பயன்படுத்திய ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர். மேடையில் 19 பேர். வடசென்னை கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, பக்கத்திலேயே எலக்ட்ரிக் கிட்டார், ட்ரம்ஸ். ஆயிரக்கணக்கில் கூட்டம். அங்கே பாடிய பாட்டுகளில் இடஒதுக்கீடு இருந்தது, சேரி இருந்தது, மாட்டுக்கறி இருந்தது. இதில் எதையும் ஒரு ஹீரோவின் அறிமுகப் பாட்டாக யாரும் முன்னாடி கேட்டது கிடையாது. ஆனாலும் மக்கள் நின்று கேட்டாங்க.

“தெரியாத பாட்டுப் பாடினா கூட்டம் கலைஞ்சிடும்”னு நம்ம கமிட்டிகள் சொல்ற வாதத்துக்கு நான் எடுத்து வைக்கிற பதில் இந்த ஒரு ராத்திரிதான்.

இப்போ கணக்குக்கு வருவோம், நம்ம சப்ஜெக்ட் ஆச்சே. 19 பேர் கொண்ட குழுவை ஒருத்தர் ஒரு லட்சம் ரூபாய்க்குக் கூப்பிடுறார்னு வச்சுக்குங்க. இது நானே போடுற கற்பனைத் தொகைதான். ஆளுக்கு 5,263 ரூபாய். இதில் வேன் வாடகை, ஒத்திகைக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, ட்ரம்ஸை ஏத்தி இறக்கும் கூலி, சவுண்ட் இன்ஜினியர், ராத்திரிச் சாப்பாடு எல்லாத்தையும் கழிங்க. ஒரு மணி நேர மேடைக்கு முன்னாடி பல வார ஒத்திகை இருக்கு. இதுவே ஒருத்தர் மட்டும் கரோக்கி டிராக்கைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து ஐந்து சினிமாப் பாட்டுப் பாடினால் இந்தச் செலவில் பெரும்பகுதி கிடையாது. சுயாதீனக் குழுக்கள் ஏன் சீக்கிரம் கலையுதுன்னு கேட்கிறவங்க, ஈகோ சண்டைன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான் அரக்கோணத்து அறிவு. 2019-ல் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பம். 2021 மார்ச்சில் தீயோடு பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் ஊர் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறையைத்தான் அந்தப் பாட்டில் வைத்ததாக அறிவு சொல்லியிருக்கார். யூடியூபில் 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. நம்ம ஹாஸ்டலில் அது ஓடாத வாரம் கிடையாது.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் நீங்க ஃபோனில் பார்த்ததுதான். 2021 ஆகஸ்ட், ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவருக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு மேடையில் இருந்தது, அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் சொல்லப்பட்டது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோவில், இந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். யார் கணக்கு சரி என்ற பஞ்சாயத்து இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். எனக்குப் படுறது வேற. கோடிக்கணக்கில் வியூஸ் இருந்தாலும், பாட்டையும் பாடுறவனையும் ஒண்ணா முடிச்சுப் போடுற இடம் மேடை மட்டும்தான். ஃபோன் திரையில் பாட்டு மட்டும் தனியாகக் கழன்று போயிடும். யாரோ ரீல்ஸ் போடுவாங்க, யாரோ ரீமிக்ஸ் பண்ணுவாங்க. மேடையில் அப்படி முடியாது. அங்கே வேர்வையோட ஒரு ஆள் நிக்கிறார். அவருக்கு ஒரு பேர் இருக்கு.

சட்டம் இதில் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா. 1977-ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் காசு வாங்கி எழுதிய, இசையமைத்த பாட்டுக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. நம்ம ஆஃபர் லெட்டரில், நீங்க எழுதுற கோட் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருக்குமே, கிட்டத்தட்ட அதேதான். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. திரையரங்குக்கு வெளியே படப்பாட்டு பயன்படும்போது வர்ற ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று ஆனது. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது நாம மீம் போட்டுச் சிரிச்சோம். மேடையில் பாடுற ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னாடி ஒரு உரிமை இருக்கு என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம். தானே எழுதி, தானே மெட்டமைத்து, யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் பாடுகிறவர் கையில் அந்த உரிமை முழுசா இருக்கு. கையில் இருந்தும் என்ன, பாட மேடை வேணுமே!

இன்னொண்ணு, காசைவிடப் பெரிசு. சினிமாப் பாட்டு ஏதாவது வம்பில் மாட்டினால் அடி வாங்க நிறைய தோள் இருக்கு. தயாரிப்பாளர், இயக்குநர், சென்சார் போர்டு, கடைசியில் “அது கேரக்டர் பாடுற பாட்டு சார்” என்ற பதில். சொந்தப் பாட்டுக்கு அந்தக் குடை கிடையாது. இசைவாணியை எடுத்துக்குங்க. ஆம்பிளைங்க கோட்டையா இருந்த கானாவுக்குள் வடசென்னையிலிருந்து வந்த பெண். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடிச்சவர். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடைகளின் ஆரம்ப நாட்களில் அவர் பாடிய ஐயப்பன் பற்றிய பாட்டு ஒண்ணு, 2024 நவம்பரில் திடீர்னு சோஷியல் மீடியாவில் சுத்த ஆரம்பிச்சது. போலீஸில் புகார்கள், மிரட்டல்கள், அசிங்கமான கமெண்ட்கள். அந்தப் பாட்டோட கருத்தில் உங்களுக்கு மாறுபாடு இருக்கலாம், அது உங்க உரிமை. ஆனா பல வருஷம் கழிச்சு வந்த அந்த வசவு முழுக்க ஒரே ஒரு பெண்ணோட பேருக்கும் முகத்துக்கும்தான் போச்சு என்பதைக் கவனிங்க. “இன்னும் சான்ஸ் கிடைக்கலையா”னு பரிதாபப்படுற வேலையா இது?

சினிமாவால் எழுத முடியாத பாட்டுகளும் இருக்கு. 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ ஞாபகம் இருக்கா? எண்ணூர்க் கழிமுகத்தில், முகமூடி மாட்டிக்கிட்டு டி.எம்.கிருஷ்ணா நிற்பாரே, அந்த வீடியோ. அந்த வரிகளை எழுதியவர் கபேர் வாசுகி. சென்னையின் சுயாதீனப் பாடலாசிரியர், பாடகர். டென்மாவோடு சேர்ந்து ‘குரங்கன்’ என்ற குழுவை நடத்தியவர். கர்நாடக ராகத்தில் மெட்ராஸ் தமிழ்! ‘புறம்போக்கு’ என்ற வசவுச் சொல்லை எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய அர்த்தத்துக்குத் திருப்பிக் கூட்டி வந்த பாட்டு அது. ஒரு கழிமுகத்துக்காக எந்தத் தயாரிப்பாளர் ‘சிச்சுவேஷன்’ சொல்லுவார்? சிவில், என்விரான்மென்டல் பசங்க, உங்க இ.ஐ.ஏ. சிலபஸைவிட அந்தப் பாட்டு சீக்கிரம் புரியும், நம்பிக் கேளுங்க.

இந்தப் பாட்டுகளுக்கு சென்னையில் மேடையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். மார்கழியில் மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள் ஒருவிதமான இசைக்கு நிரம்பி வழியும். 2020 டிசம்பரிலிருந்து நீலம் அதே மாதத்தில் ‘மார்கழியில் மக்களிசை’ நடத்துது. பெசன்ட் நகர்ப் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் மீனவர் குப்பத்துக்குள்ளேயே ஒரு இசை விழா தொடங்கினாங்க. 2023-லிருந்து ‘சென்னை சங்கமம்’ பொங்கல் நேரத்தில் திரும்பவும் நடக்குது. ஆனா இவை எல்லாமே டிசம்பர், ஜனவரி, அதையொட்டிய நாட்கள். பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரைக்கும் ஒரு பாடகர் என்ன பண்ணுவார்? கல்யாண ரிசப்ஷனில் மத்தவங்க பாட்டைப் பாடலாம். நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்களின் மரபு பெரிசு, அதைக் குறைச்சுச் சொல்லலை. ஆனா அங்கே தன் பாட்டு ஒண்ணையாவது நுழைக்க முடியுமா? மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவது எப்பவும் ‘இளைய நிலா’தான்.

மீதி மாசங்களில் மேடையும், லைட்டும், ஸ்பான்சரும், இளசுகள் கூட்டமும் ஒரே இடத்தில் இருப்பது காலேஜ்களில்தான். அதனாலதான் இதை உங்ககிட்ட எழுதுறேன். லெபனானில் ‘மஷ்ரூ லைலா’ என்று ஒரு இசைக்குழு இருந்தது. 2008-ல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் டிசைனும் படிச்ச மாணவர்கள் ஒரு ராத்திரி ஜாம் செஷனில் தொடங்கியது. அசைன்மென்ட் அழுத்தத்தை இறக்கி வைக்கத்தான் கூடினாங்க. பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், தங்கள் ஊர்ப் பேச்சு அரபியில், தங்கள் ஊர்ச் சங்கடங்களைப் பாடி உலக மேடைகள் வரைக்கும் போனாங்க. 2019-ல் சொந்த நாட்டிலேயே பைப்லோஸ் விழாவில் மத அமைப்புகளின் எதிர்ப்பால் அவங்க நிகழ்ச்சி ரத்தாச்சு. 2022-ல் குழுவே முடிஞ்சது. முடிவு சோகம்தான். ஆனா ஒரு காலேஜ் வளாகம் அவங்களுக்கு முதல் மேடையைக் கொடுத்தது. நம்ம வளாகம் என்ன கொடுக்குது? லைட் மியூசிக் போட்டியின் விதிமுறைகளில் ‘திரைப்படப் பாடல்கள் மட்டும்’ என்று முதல் வரியிலேயே கதவைச் சாத்துது. கரோக்கி டிராக் கொண்டு வரணும், நான்கு நிமிஷம், அவ்வளவுதான். சொந்தமா பாட்டு எழுதுற செகண்ட் இயர் பொண்ணு எந்தப் பிரிவில் பேர் கொடுக்கும்?

புரோ-ஷோவை நிறுத்துங்கன்னு சொல்லலை. பின்னணிப் பாடகர் வரட்டும், டிஜே வரட்டும், நானும் ஆடத்தான் போறேன். அந்த ராத்திரிக்கு முன்னாடி நாற்பது நிமிஷம் மட்டும் கேட்கிறேன். சொந்தப் பாட்டு மட்டுமே பாடுற ஒரு குழுவுக்கு. “கடைசியா ரெண்டு சினிமாப் பாட்டு போட்டுடுங்க”னு மேடை ஓரத்தில் நின்று கெஞ்சக் கூடாது. போஸ்டரில் எழுதியவர் பேர், இசையமைத்தவர் பேர், வாசிக்கிறவங்க பேர் எல்லாம் இருக்கணும். “எக்ஸ்போஷர் கிடைக்கும் ப்ரோ” என்ற வார்த்தையைக் கமிட்டி வாட்ஸப் குரூப்பிலிருந்தே தூக்கிடுங்க. நம்ம ஜெனரேட்டர்காரருக்கு எக்ஸ்போஷரா கொடுக்கிறோம்?

வரிகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, அதில் ‘பிரச்சனை’ இருக்கான்னு தேடுற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிர்வாகத்துக்குப் பயம் இருக்கும், புரியுது. ஆனா ஐட்டம் பாட்டுக்கு இதுவரைக்கும் யாரும் வரி கேட்டதில்லை. சாதியைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ பாடினால் மட்டும் ஏ4 ஷீட்டில் மூணு காப்பி வேணும்!

போட்டி விதியில் ஒரே ஒரு வரியை மாத்தறதுக்கு பட்ஜெட்கூட வேண்டாம். ‘திரைப்படப் பாடல்கள் மட்டும்’ என்ற இடத்தில் ‘சொந்தப் பாடல்’ என்று இன்னொரு பிரிவு. இந்த வருஷக் கல்ச்சுரல்ஸ் கமிட்டிக்கு ஆள் எடுக்கிற நேரம் இது. சேருறவங்க முதல் மீட்டிங்கிலேயே இதை எழுப்புங்க. அப்படியே சவுண்ட் வாடகைக்காரரிடம் நாலு மணிக்கே வரச் சொல்லி வச்சிடுங்க. ஆறு மணி ஷோவுக்கு அஞ்சேமுக்காலுக்கு வந்து மைக்கைத் தட்டினா, பறைச் சத்தத்துக்கு நடுவில் பாடுறவங்க குரல் பின்வரிசைக்குக் கேட்காது.